கூம்புச் சங்கும் கிட்டில் விழும் சிவப்புக் கோடும்

வணக்கம் நேயர்களே.

என் கையில் இப்போது ஒரு சங்கு இருக்கிறது. "ரேடியோவில் பேச வருகிறவர் எதற்கம்மா பொருளெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் இது கையில் இல்லாவிட்டால் எனக்குப் பேச்சு ஓடாது.

ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கோன் ஐஸ் வாங்கித் தின்றிருப்பீர்கள் அல்லவா, அந்தக் கோனின் வடிவம். ஒரு முனை அகலம், மறு முனை குறுகல், பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை நீளமாக ஒரு பிளவு. ஓடு முழுக்கப் பழுப்பு நிறத்தில் கோடு போட்ட வெள்ளை முக்கோணங்கள், கூடாரத்துக்கு மேல் கூடாரம் அடித்த மாதிரி. 1758-இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது 'நெய்த துணி' என்ற பொருள் வரும்படிதான் வைத்தார். நம் ஊர்க்காரராக இருந்தால் சுங்குடி என்று வைத்திருப்பார்.

இது காலி ஓடு. உயிரோடு இருக்கும் ஒன்றை நான் தொட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. தூத்துக்குடியில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ. கரைவலை இழுத்து முடித்து, மீனையெல்லாம் பெட்டியில் அள்ளிக்கொண்டு போன பிறகு மணலில் மிச்சம் கிடக்குமே, பாசி, குஞ்சு நண்டு, உடைந்த சிப்பி, அதற்குள் இது கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் சங்கு குளிக்கப் போகிற மாமா ஒருவர் இருந்தார். எங்கிருந்துதான் ஓடிவந்தாரோ, பளாரென்று என் கையில் ஒரு அடி. சங்கு போய் மணலில் விழுந்தது.

"ஏட்டி, அது உசுரோட கெடக்கு. குத்திரும்."

"எதால மாமா குத்தும்?"

"அது அதுக்குத்தான் தெரியும்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பின்னாளில் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 31 வருடம் ரத்தமும் சளியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிருமி தேடுவது என் பிழைப்பு, சங்கு என் பைத்தியம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் மாமாவுக்குத் தெரியாத அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கூம்புச் சங்கு ஒரு நத்தை. நத்தை என்றதும் தோட்டத்தில் இலை தின்னுகிற சாது ஒன்று உங்கள் கண்முன் வரும். இது அப்படியில்லை, வேட்டைக்காரன். 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை புழு தின்னும், சில மற்ற நத்தைகளைத் தின்னும், சில மீன் பிடிக்கும். நத்தை எப்படி மீனைப் பிடிக்கும்? அதுதான் விஷயம். நத்தைக்கு ஓடத் தெரியாது. மீன் ஒரு வாலடியில் போய்விடும். ஆகவே ஒரே குத்தில், குத்திய இடத்திலேயே, மீன் அசையாமல் நிற்கவேண்டும்.

அதற்கு இந்த நத்தையிடம் ஒரு பல் இருக்கிறது. சிரிஞ்ச் ஊசி மாதிரி உள்ளே துளையுள்ள பல், நுனியில் தூண்டில் முள் போல் எதிர்க்கொக்கி. தும்பிக்கை மாதிரி நீளும் வாய்க்குழாயின் முனையில் அந்தப் பல்லை ஏற்றி வைத்துக்கொண்டு மணலில் புதைந்து காத்திருக்கும். மீன் கிட்டே வந்ததும் ஒரு பாய்ச்சல். பல்லின் வழியாக விஷம் உள்ளே போகும். ஒரு பல் ஒரு குத்துக்குத்தான், அடுத்ததற்குப் பையிலிருந்து புதுப் பல் வரும். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு தடவை போட்டதும் எறிகிற ஊசி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இது அதைச் செய்துகொண்டிருக்கிறது.

மனிதரைக் கொன்ற பதிவும் உண்டு. இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியின் வேலையில் இருந்த ரம்பியஸ் என்ற இயற்கை ஆய்வாளர், 1670-இல் பார்வை போன பிறகும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர், பண்டா தீவில் ஒரு அடிமைப் பெண் இறந்ததைக் குறித்துவைத்தார். வலை இழுக்கும்போது கையில் எடுத்த சங்கு. முதலில் கையில் லேசான அரிப்பு, பிறகு அது மெல்ல மேலே ஏறி, பிறகு சாவு. ரம்பியஸ் இறந்து மூன்று வருடம் கழித்து 1705-இல்தான் அது அச்சில் வந்தது. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. நான் இந்தக் கதையை எங்கே சொன்னாலும், என் கையைத் தட்டிவிட்ட மாமாவை நினைத்துக்கொள்வேன்.

இனி நம் கதாநாயகர். பால்டொமெரோ ஒலிவெரா, பிலிப்பைன்ஸ்காரர், 1941-இல் பிறந்தவர். சின்ன வயதில் மணிலாவில் சங்கு பொறுக்கிச் சேர்த்த பையன். அமெரிக்கா போய் வேதியியல் படித்து, ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது டி.என்.ஏ. லைகேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரானார். 1967-இல் ஒரே சமயத்தில் பல ஆய்வகங்கள் அதைக் கண்டுபிடித்தன. லைகேஸ் என்ன செய்யும்? டி.என்.ஏ. நூல் அறுந்தால் ஒட்டும். பசை. இந்தப் பசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அப்படிப்பட்டவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். மணிலாவில் அவருக்கு ஆய்வகம் என்று ஒரு அறை இருந்தது, கருவி இல்லை. டி.என்.ஏ. வேலை செய்ய வழியே இல்லை. நம் ஊர்க் கல்லூரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவர் என்ன செய்தார்? கருவி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று உட்காரவில்லை. இங்கே எது நிறையக் கிடைக்கிறது என்று பார்த்தார். சங்கு கிடைத்தது. கூம்புச் சங்குகளிலேயே மனிதரைக் கொல்லும் கெட்டபெயர் எடுத்தது கோனஸ் ஜியோகிராஃபஸ், அதுவும் பிலிப்பைன்ஸ் கடலில் உண்டு. லூர்தஸ் குரூஸ் என்ற பெண் விஞ்ஞானி உடன் சேர்ந்தார். பின்னாளில் 2006-இல் அந்த நாட்டின் தேசிய விஞ்ஞானி என்ற பட்டம் பெற்றவர். இருவரும் விஷத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சோதனை முறையைக் கேளுங்கள். ஒரு கம்பி வலை. எலிக்கு ஊசி போட்டு வலையில் தலைகீழாகத் தொங்கவிடுவது. சும்மா இருக்கும் எலி நாலு காலாலும் பிடித்துக்கொண்டு தொங்கும். விஷம் வேலை செய்தால் பிடி தளர்ந்து விழும். விழ எத்தனை நேரம் ஆனது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது. கம்பி வலை, எலி, கடிகாரம், அவ்வளவுதான். இதை நான் மாணவர்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன், இன்றும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலியை விழவைத்த பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பார்த்தால், அது கிட்டத்தட்ட நாகப்பாம்பு விஷம் செய்கிற அதே வேலையைத்தான் செய்கிறது. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியைத் தசையின் வாசலிலேயே மறிப்பது. பாம்பு ஏற்கெனவே செய்ததை நத்தையும் செய்கிறது, அப்புறம் என்ன? கதை அதோடு முடிந்திருக்கலாம்.

முடியவிடாமல் செய்தது ஒரு பையன். ஒலிவெரா அப்போது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே கிரெய்க் கிளார்க் என்று பட்டப்படிப்பு மாணவன். வயிற்றில் ஏன் ஊசி போடுகிறீர்கள், விஷத்தின் ஒவ்வொரு கூறையும் தனித்தனியே பிரித்து, எலியின் மூளைக்குள் நேராகச் செலுத்திப் பார்த்தால் என்ன என்று கேட்டான். எங்கள் காலத்தில் இப்படிக் கேட்டால் 'முதலில் பாடத்தைப் படி' என்றிருப்பார்கள். ஒலிவெரா செய்யவிட்டார். செய்தால், ஒரு கூறு போட்ட எலி நடுங்குகிறது. இன்னொன்று போட்டால் தலையை ஆட்டுகிறது. இன்னொன்றுக்கு வட்டமடித்து ஓடுகிறது. இன்னொன்றுக்குச் சொறிந்துகொண்டே இருக்கிறது. ஒரே சொட்டு விஷம்தான். அதற்குள் நூறுக்கும் மேற்பட்ட தனித்தனிப் பொருள்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை.

அதில் ஒன்று தூங்கவைத்தது. சிலர் கையில் தூங்கியது, சிலர் கையில் அதே மருந்துக்கு எலி துள்ளிக் குதித்தது. என்ன குழப்பம் என்று பார்த்தால் வயதுதான் காரணம். இரண்டு வாரத்துக்கும் குறைந்த குட்டி எலி தூங்குகிறது, பெரிய எலி ஓயாமல் ஓடுகிறது. தாலாட்டுப் பாடினால் தொட்டில் குழந்தை தூங்கும், அண்ணன்காரன் எழுந்து உட்கார்ந்துகொள்வான் இல்லையா, அந்தக் கதை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கொனன்டோகின். தகலோக் மொழியில் 'அன்டோக்' என்றால் தூக்கக் கலக்கம். உலகத்து மருத்துவ இதழ்களெல்லாம் இன்று எழுதுகிற ஒரு வேதிப்பெயருக்குள் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா பிள்ளையிடம் பேசுகிற சொல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நடுங்கவைத்ததைப் பிடித்தது இன்னொரு பையன், மைக்கேல் மெக்கின்டோஷ். பள்ளிப்படிப்பு முடித்த கையோடு ஆய்வகத்துக்கு வந்தவன். அவனிடம் கொடுத்தது கோனஸ் மேகஸ் என்ற வேறொரு மீன் தின்னும் நத்தை. அதில் அவன் பிரித்தெடுத்த பொருளில் இருப்பது 25 அமினோ அமிலம், அதாவது புரத மாலையின் மணிகள், அவற்றைக் கட்டிப்போட மூன்று கந்தக முடிச்சு. சின்னஞ்சிறு பொருள். அதை அப்படியே ஆய்வகத்தில் செய்து, சிக்கோனோடைடு என்ற பெயரில், 2004 டிசம்பரில் அமெரிக்காவில் வலிமருந்தாக அனுமதித்தார்கள். மார்பின் கேட்காத வலிக்குத் தருவது. மாத்திரையாக விழுங்க முடியாது, கையில் ஊசியாகவும் போடமுடியாது. உடம்புக்குள் சின்ன பம்ப் வைத்து முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மனக்குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்கவிளைவும் உண்டு. மந்திரமருந்து என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள்.

சரி, ஏன் அது வலியை மட்டும் நிறுத்துகிறது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். நம் நரம்புச் செல்களின் சுவரில் கால்சியம் நுழைய வாசல்கள் உண்டு. ஒரே மாதிரித் தெரியும் வாசல்கள், ஆனால் பல வகை. நத்தையின் பொருள் அதில் ஒரு வகையை மட்டும் தேடிப்போய் அடைக்கும். பக்கத்தில் இருக்கும் இதயத்து வாசல் வகையைச் சீண்டாது. ஒட்டும், ஆனால் ஒன்றோடு மட்டும் ஒட்டும். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் கூட்டத்தில் கைவிட்ட பிள்ளை நேரே போய்த் தன் அம்மாவின் முந்தானையைப் பிடிக்குமே, அப்படி.

இப்போது என் பிழைப்புக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து டெங்கு கிட்டோ, மலேரியா கிட்டோ, அந்தக் கொரோனா நாட்களில் மூக்கில் குச்சி விட்ட கிட்டோ பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, ஒரு குழி, அதில் ஒரு சொட்டு. கால் மணி நேரத்தில் ஒரு கோடு விழும், அல்லது இரண்டு கோடு. அந்தச் சிவப்புக் கோடு என்ன தெரியுமா? பல கிட்களில் அது தங்கம். நிஜத் தங்கம், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்தது. அவ்வளவு பொடிந்தால் தங்கம் மஞ்சளாகத் தெரியாது, குங்குமச் சிவப்பாகத் தெரியும். அந்தத் துகள்களின்மேல் ஆன்டிபாடியைப் பூசியிருப்பார்கள். கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிற புரதம் அது. உங்கள் சொட்டில் கிருமியின் பொருள் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு பட்டை வழியாக நகரும். கோடு போட்ட இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி காத்திருக்கும், அது பிடித்து நிறுத்தும். தங்கம் அங்கே குவியக் குவியக் கோடு தெரியும். மறுபடி அதேதான். ஒட்டவேண்டும், ஒன்றோடு மட்டும் ஒட்டவேண்டும்.

நத்தை விஷத்தையே பரிசோதனைக்குப் பயன்படுத்துவதும் உண்டு. லாம்பர்ட்-ஈட்டன் என்று தசை பலவீனமாகும் அபூர்வ நோய். அதில் நோயாளியின் உடம்பே தன் கால்சியம் வாசலுக்கு எதிராக ஆன்டிபாடி செய்துவிடும். அந்த ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்க, கதிரியக்க அயோடின் ஏற்றிய கூம்புச் சங்கு நச்சைக்கொண்டு வாசலுக்கு அடையாளம் போடுவார்கள். இது தொற்றுநோய் அல்ல. ஆனால் வித்தை அதே வித்தை.

பசையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி பரிசோதனைகளில் கிருமியின் பொருள் வேண்டும். உயிருள்ள கிருமியை வளர்த்து எடுப்பது ஆபத்து. ஆகவே கிருமியின் ஒரு மரபணுவை மட்டும் வெட்டி, வேறொரு சாது பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் ஒட்டி, அதைக்கொண்டு அந்தப் புரதத்தைச் செய்வார்கள். எதைக்கொண்டு ஒட்டுவார்கள்? லைகேஸ். ஆய்வகங்கள் பெரும்பாலும் வாங்குவது ஒலிவெரா பார்த்த பாக்டீரியாவின் லைகேஸ் அல்ல, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் லைகேஸ். அதே குடும்பம். மணிலாவில் கருவி இல்லாததால் அவர் விட்டுப்போன வேலை என் மேசைக்கு வந்தது. விட்ட பிறகு பிடித்த வேலை முதுகுத்தண்டுக்குப் போனது.

இப்போது ஒரு வயிற்றெரிச்சல். விடால் டெஸ்ட். கேள்விப்படாதவர் இருக்கமாட்டீர்கள். காய்ச்சல் வந்து இரண்டாவது நாளே 'டைபாய்டு பாசிட்டிவ்' என்று ஒரு சீட்டு. இது 1896-இல் பாரிஸில் ஃபெர்னாண்ட் விடால் கொண்டுவந்த முறை. கண்ணாடித் தட்டில் உங்கள் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் நீர், ஒரு சொட்டு, செத்த டைபாய்டு கிருமிக் கலவை ஒரு சொட்டு. குச்சியால் கலக்கித் தட்டை மெல்ல ஆட்டினால், ஆன்டிபாடி இருக்கும் பட்சத்தில் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாகத் திரியும். நானே ஆயிரக்கணக்கில் ஆட்டியிருக்கிறேன். தட்டு ஆட்டி ஆட்டியே மணிக்கட்டு போனது. ஆனால் அந்த ஆன்டிபாடி எப்போது வந்தது என்று அந்தச் சொட்டு சொல்லாது. போன வருடம் வந்த காய்ச்சலாக இருக்கலாம், தடுப்பூசியாக இருக்கலாம், டைபாய்டுக்கு உறவுக்காரக் கிருமி ஒன்று வந்து போயிருக்கலாம். அதோடு, உண்மையிலேயே டைபாய்டு என்றால் ஆன்டிபாடி மேலேறவே ஒரு வாரம் போல் ஆகும். இரண்டாம் நாள் எதைப் பார்க்கிறோம்? இடைவெளி விட்டு இரண்டு தடவை எடுத்து ஆன்டிபாடி நாலு மடங்கு ஏறியதா என்று பார்த்தால் அர்த்தம் உண்டு. எத்தனை பேர் இரண்டாம் தடவை வருகிறார்கள்? மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சர் போடுவதுதான், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் நேர்வழி. முடிவு வர நாட்கள் ஆகும், செலவும் கூட, தெரியும். இருந்தாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கே ஒரு தடவை, பெயர் சொல்லவேண்டாம், ஒரு ஆய்வகத்தில் 'பாசிட்டிவ்' என்று கொடுத்தார்கள். பத்து நாள் கஞ்சி குடித்தேன். அது டைபாய்டே இல்லை.

விடால் எல்லோரோடும் ஒட்டுகிற ஆள். நத்தை அப்படியில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். விடாலில் போய்விட்டது நேரம். வேகமாகச் சொல்கிறேன். ஒன்றோடு மட்டும் ஒட்டுவதிலும் சிக்கல் உண்டு. மலேரியா கிட் தேடுவது கிருமியின் ஒரு புரதத்தை. பெருவில் அந்தப் புரதத்தின் மரபணுவே இல்லாத மலேரியாக் கிருமி இருப்பதை 2010-இல் கண்டார்கள். கிருமி இருக்கும், கோடு விழாது. அதே மலேரியாவில், கிருமி புகுந்த ரத்த அணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வதுதான் ஆளைச் சாய்ப்பது. கோனஸ் நக்ஸ் என்ற நத்தையின் விஷக்கூறுகள் அந்த ஒட்டலை ஆய்வகத்தில் தடுப்பதாக 2021-இல் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. மெக்சிகோவின் என்செனாடாவில் கலிஃபோர்னியக் கூம்பு நத்தையிலிருந்து காசநோய்க் கிருமிக்கு எதிராக ஒரு பொருள் எடுத்திருக்கிறார்கள். இரண்டும் இன்னும் மருந்தாகவில்லை.

நம் நாட்டில், டாட்டா ஆய்வு நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணன், அதாவது சி. வி. ராமனோடு இருந்த கிருஷ்ணன் இல்லை, இவர் வேறு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராம், இவர்கள் குழு நம் கடலில் எடுத்த கோனஸ் அமாடிஸிலிருந்து 26 அமினோ அமிலப் பொருளைப் பிரித்து 2003-இல் எழுதினார்கள். நரம்பின் சோடியம் வாசலை மூடவிடாமல் பிடித்துவைக்கும் பொருள். அதைப் பற்றி அரைப்பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. கடற்கரைக்குப் போகிறீர்கள், பிள்ளைகள் கூம்பு வடிவச் சங்கை எடுத்துவருவார்கள். காலி ஓடு என்றால் தவறில்லை. உள்ளே உயிர் இருந்தால் கீழே போடச் சொல்லுங்கள். அகலமான முனையைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது என்பார்கள், கேட்காதீர்கள், அந்தத் தும்பிக்கை வளைந்து அங்கேயும் வரும். இந்த விஷத்துக்கு மாற்றுமருந்து கிடையாது. குத்திவிட்டால், மூச்சுக்கு உதவுகிற வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும். விஷம் இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடித்தால் பிழைக்கலாம். கடைத்தெருவில் கோனஸ் மில்னே-எட்வர்ட்சி, நீளமாக, கோபுரம் மாதிரி இருக்கும், யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.